டிபக் தகவலில் வெக்டரை அரேயிலிருந்து பிரித்துக் காட்டியே ஆக வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். டிபக் தகவல் என்பது, எந்த மாறி எந்த டைப் என்று டிபக்கருக்குச் சொல்ல கம்பைலர் எழுதி வைக்கும் குறிப்பு. வெக்டர் என்று இங்கே சொல்வது, எல்லா உறுப்புகளிலும் ஒரே சமயம் கணக்குப் போடும் டைப்பை. "இரண்டிலும் நாலு இன்ட், 16 பைட், அப்புறம் என்ன வித்தியாசம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தண்டையார்பேட்டையில் சாயங்காலம் என்னிடம் சி படிக்க வரும் பிள்ளைகளும் "அண்ணா, உள்ளே ஒண்ணுதானே?" என்பார்கள். அவர்களை ஜிடிபி என்ற டிபக்கரைத் திறக்கச் சொல்வேன்.

1, 2, 3, 4 என்று ஒரு அரே, அதே மதிப்புகளோடு ஒரு வெக்டர். அரேயோடு 1 கூட்டி பிரின்ட் போட்டால் ஒரு முகவரி வரும். சி மொழியில் அரே பாயின்டராக மாறிவிடும். வெக்டரோடு 1 கூட்டினால் 2, 3, 4, 5 என்று வரும். இரண்டையும் கம்பைலர் டுவார்ஃப் என்ற டிபக் தகவல் வடிவத்தில் அரே டைப் என்றுதான் எழுதுகிறது. வெக்டருக்கு மட்டும் 'ஜிஎன்யூ வெக்டர்' என்ற ஆட்ரிப்யூட், அதாவது ஒரு குறி, கூடுதலாக இருக்கும். அந்தத் தகவலைக் காட்டும் ரீட்எல்ஃப் கருவியைப் போட்டுப் பாருங்கள், ஒரே ஒரு வரி. ஜிடிபி அதை நம்பித்தான் கணக்குப் போடுகிறது.

இதைவிடப் பெரிய காரணம் ஃபங்ஷன் அழைப்பு. ஃபங்ஷனுக்கு மதிப்புகள் எப்படிப் போக வேண்டும் என்று சொல்லும் லினக்ஸ் எக்ஸ்86-64 ஏபிஐ விதிப்படி, நாலு ஃப்ளோட் கொண்ட வெக்டர் முழுசாக ப்ராசஸருக்குள் இருக்கும் ஒரே எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டரில் போகும். அதே நாலு ஃப்ளோட்டை அரேயாக ஒரு ஸ்ட்ரக்டுக்குள் வைத்து அனுப்பினால் இரண்டு ரெஜிஸ்டரில், இரண்டிரண்டாகப் பிரிந்து போகும். பைட் ஒன்றுகூட மாறவில்லை, போகிற இடம் மட்டும் வேறு. ரிட்டர்ன் மதிப்பை எங்கே போய்த் தேடுவது என்று டிபக்கருக்கு டைப்பை வைத்துத்தானே தெரியும்? அந்தக் குறி இல்லையென்றால் தப்பான இடத்தில் படித்து, நம்பும்படியான ஒரு எண்ணைக் காட்டிவிடும். எர்ரர் வந்தால்கூடப் பரவாயில்லை. இந்த மாதிரி எண்ணை நம்பி ஒரு ராத்திரி முழுக்கத் தேடுவதுதான் கொடுமை.

அளவிலும் கவனம் வேண்டும். ஓபன்சிஎல் மொழியில் மூன்று ஃப்ளோட் வெக்டர் 16 பைட். மூன்று ஃப்ளோட் அரே 12 தான். எண்ணிக்கையை உறுப்பின் அளவால் பெருக்கிக் கொள்ளலாம் என்று விட்டால் கணக்கு உதைக்கும். பைட் அளவைத் தனியாக எழுதியாக வேண்டும்.

2017-ல் வந்த டுவார்ஃப் 5 தரத்திலும் வெக்டருக்கென்று ஆட்ரிப்யூட் கிடையாது, இது ஜிஎன்யூ நீட்சி. ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் இரண்டும் இதை எழுதுகின்றன. ஆகவே சொந்தமாக டுவார்ஃப் ரீடர் எழுதுகிறீர்கள் என்றால், தரத்தில் இல்லாத ஆட்ரிப்யூட் என்று இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அரே டைப்பைப் பார்த்ததும் முதலில் இது இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு பைட் அளவு, அதற்கப்புறம் உறுப்புகளின் எண்ணிக்கை.