ரெசிடெண்ட் எங்கே குடியிருக்க வேண்டும்?

கேள்வி: சிறப்பு மருத்துவம் படிக்கும் இளம் டாக்டர்களைப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்து, சிறிய மருத்துவமனைகளுக்கும் வீடு தேடிப் போகும் பணிக்கும் மாதக்கணக்கில் பயிற்சிக்கு அனுப்புகிறார்களே! அரிய நோய்களைப் பார்த்துக் கற்க வேண்டிய காலத்தில் சளி, காய்ச்சல், முதுகுவலி பார்க்க வைப்பது படிப்பை வீணடிப்பது ஆகாதா?

பதில்: ஆகாது. 'சளி, காய்ச்சல், முதுகுவலி' என்று நீங்கள் எழுதியிருக்கும் தொனியில்தான் கோளாறு. காய்ச்சலோடு வரிசையில் நிற்கும் குழந்தைகளில் எந்தக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் என்று, ஸ்கேன் இல்லாத அறையில் உட்கார்ந்து சந்தேகப்பட வேண்டும். நோயின் பெயர் எழுதிய சீட்டோடு வந்து வார்டில் படுத்திருக்கும் குழந்தைக்கு மருந்து எழுதுவதைவிட அது சுலபமான வேலையா?

ஒரு பழைய கணக்கு சொல்கிறேன். 1961-இல் கெர் வைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் போட்டது. 1,000 பெரியவர்களை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் உடம்புக்கு ஏதோ முடியவில்லை என்பவர்கள் 750 பேர். டாக்டரிடம் போகிறவர்கள் 250 பேர். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறவர்கள் 9 பேர். பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறவர் ஒரே ஒருவர். 2001-இல் வேறொரு குழு இதே கணக்கைப் புதிதாகப் போட்டுப் பார்த்தது. அப்போது அந்த எண்ணிக்கை ஒன்றுக்கும் குறைவாகவே வந்தது. ஆனால் சிறப்பு மருத்துவம் படிப்பவருக்குப் பாடம் அந்த ஒருவர்தான். மற்றவர்களை அவர் முதன்முதலாகச் சந்திப்பது படிப்பு முடிந்து, தனியாக நாற்காலியில் உட்கார்ந்த பிறகு. அங்கே கற்றுக்கொள்கிற பாடத்துக்குக் கட்டணம் கட்டுவது நோயாளி.

அனுபவம் போதாது என்பதோடு இது நிற்பதில்லை, கணக்கே மாறிப்போகிறது. ஒரு பரிசோதனை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நோய் உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பிடித்துவிடும். நோய் இல்லாத பத்துப் பேரில் ஒன்பது பேரை 'இல்லை' என்று விட்டுவிடும். நல்ல பரிசோதனைதான். பல கை மாறி, வடிகட்டப்பட்டு, பெரிய ஆஸ்பத்திரியின் சிறப்புப் பிரிவுக்கு வந்து சேர்ந்த 1,000 பேரில் 500 பேருக்கு அந்த நோய் இருக்கிறது என்போம். பரிசோதனை 500 பேருக்கு 'உண்டு' என்று காட்டும். அதில் 450 பேருக்கு நிஜமாகவே உண்டு. அதே பரிசோதனையை, 1,000 பேரில் 10 பேருக்கு மட்டும் நோய் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். 108 பேருக்கு 'உண்டு' என்று வரும், நிஜமாக இருப்பது 9 பேருக்கு. மற்ற 99 பேரும் ஒன்றுமில்லாத நோய்க்காகப் பயந்து, அடுத்தடுத்த பரிசோதனைகளுக்கு அலைவார்கள். கருவியும் அதேதான், டாக்டரும் அவரேதான், இடம்தான் வேறு.

இதை எல்லா மாணவர்களும் புத்தகத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருப்பார்கள். ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவரிடம் நிதானமாக விசாரித்து, தொட்டுப் பார்த்து, 'தசைவலிதான், வீட்டுக்குப் போங்கள், இன்ன மாதிரி ஆனால் உடனே வாருங்கள்' என்று சொல்லும் தைரியம் புத்தகத்தில் வராது. சொல்லிவிட்டு அன்று ராத்திரி தூக்கம் வராமல் புரளும் பயமும் வராது. இரண்டும் வேண்டும்.

இப்படிப் பயிற்சியில் இருக்கும் டாக்டரை 'ரெசிடெண்ட்' என்பார்கள். அந்தச் சொல்லையே பாருங்கள். குடியிருப்பவர் என்று பொருள். 1889-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் அறுவை சிகிச்சைக்கு வகுத்த முறையில், பயிற்சி டாக்டர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே வாழ்ந்தார். (ஹால்ஸ்டெட் முதலில் கோகெய்னுக்கும் பிறகு மார்ஃபினுக்கும் அடிமையாகிப் போராடியவர். அவர் மாணவர்களை வேலை வாங்கிய கதையெல்லாம் இன்னொரு நாளைக்கு.) அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் கட்டிலுக்கு வந்த பிறகுதான் நோயாளி, கட்டிலை விட்டு இறங்கியதும் வெறும் ஆள் என்ற பழக்கமும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. முதியோர் மருத்துவம் படிப்பவர் ஒரு தடவை நோயாளியின் வீட்டுக்குள் போய்ப் பார்க்கட்டும். மூன்று டாக்டர்கள் எழுதிய மாத்திரைகள் ஒரே டப்பாவில் கிடக்கும். அதில் ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கும். 'மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை' என்று கேஸ் ஷீட்டில் அலட்சியமாக எழுதிய வரிக்கு அர்த்தம் அங்கேதான் புரியும்.

வெளியே போனால் படிப்பு கெடும் என்பதற்கும் ஆதாரம் வலுவாக இல்லை. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997-இல் சில மாணவர்களை ஒரு வருடம் முழுக்கக் கிராமப்புறக் குடும்ப மருத்துவர்களோடு விட்டுப் படிக்க வைத்தது. பெரிய ஆஸ்பத்திரியிலேயே படித்தவர்களைவிட அவர்கள் தேர்வில் பின்தங்கவில்லை, முந்தினார்கள். சரி, அவர்கள் இளநிலை மாணவர்கள், சிறப்பு மருத்துவத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஈரல் மாற்று அறுவை கற்க வேண்டியவர், அது நிறைய நடக்கும் இடத்தில்தான் நின்று கற்க வேண்டும். அவரைக் கொண்டுபோய்ச் சின்ன மருத்துவமனையில் வருடக்கணக்கில் உட்கார வைத்தால் உங்களோடு சேர்ந்து நானும் சத்தம் போடுவேன். எல்லாரும் அந்த அறுவைக்கா போகிறார்கள்?

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறு. அனுப்புகிறார்கள், அப்புறம்? அங்கே யார் சொல்லித்தருகிறார்கள்? ஆள் பற்றாக்குறைக்குக் கிடைத்த இலவசக் கை என்று ராத்திரி டூட்டியில் போட்டுவிட்டு, மாதக் கடைசியில் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அதற்குப் பயிற்சி என்று பெயர் கிடையாது. கூட உட்கார்ந்து, 'ஏன் இவரை மேலே அனுப்பினாய், ஏன் அவரை அனுப்பவில்லை' என்று கேட்கும் ஒரு மூத்த டாக்டர் வேண்டும். ஒரே நோயாளியைப் பல மாதம் தொடர்ந்து பார்க்க வழி வேண்டும். அந்தப் பகுதி டாக்டருக்குப் புரியும்படி கடிதம் எழுதக் கற்றுத்தர வேண்டும். 'பார்த்தேன், மருந்தைத் தொடரவும்' என்பது கடிதம் இல்லை. கடைசித் தேர்வில் இதற்கெல்லாம் மதிப்பெண்ணும் வேண்டும். தேர்வாளர் அரிய நோய்களை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால், மாணவர் அந்த மாதங்களை விடுமுறையாகத்தான் எண்ணுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் வீட்டில் யாராவது இந்தப் பயிற்சிக்குப் போயிருந்தால், என்ன அரிய கேஸ் பார்த்தாய் என்று விசாரிக்காதீர்கள். முதல் வாரம் பார்த்த நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அனுப்பியவர்களை இதே பக்கத்தில் கேட்போம்.