ஐம்பது திர்ஹம் பேக்கேஜும் ஐந்நூறு திர்ஹம் பேச்சும்

கேள்வி: பரமக்குடி பக்கத்துக் கிராமம் எனக்கு. ஏழு ஆண்டுகளாக ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். சம்பளம் 6,000 திர்ஹம். ஊரில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். அக்காள் குடும்பம் பக்கத்துத் தெருவில். இங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் பதிவு அனுப்பலாம். ஆனால் அழைத்துப் பேச முடியாது. அதனால் இணைய அழைப்புக்கென்று தனியாக மாதம் 50 திர்ஹம் பேக்கேஜ், டேட்டாவுக்கு 100, அம்மாவின் பட்டன் போனுக்கு நேரடி ஐ.எஸ்.டி. வகையில் 40, ஆக 190 திர்ஹம் போகிறது. இதைக் குறைக்க வழி சொல்லுங்கள். கிரெடிட் கார்டில் 9,000 திர்ஹம் நிற்கிறது. மாதம் 450 தவறாமல் கட்டிவிடுகிறேன், அது பிரச்சினையில்லை. சேமிப்பு எதுவும் இல்லை. பணம் அனுப்புவதற்கு ‘இப்போது அனுப்பு, பிறகு கட்டு’ என்று ஒரு வசதி வந்திருக்கிறது, அதை எடு என்கிறார் அறை நண்பர். எடுக்கலாமா? கார்டின் ஆறு மாதக் கணக்கு அறிக்கையையும் என் செலவுப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். (பெயர் வேண்டாம்)

பதில்: நல்ல வேளையாக அறிக்கையை அனுப்பினீர்கள். கடிதத்தை மட்டும் படித்திருந்தால் நானும் அந்த 190 திர்ஹத்தைப் பற்றியே எழுதி முடித்திருப்பேன்.

போன் விஷயத்தை முதலில் தீர்த்துவிடலாம், அது சின்ன விஷயம். அமீரகத்தில் கூகுள் மீட், ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. கூகுள் மீட்டில் இருவர் மட்டும் பேசினால் நேரக் கட்டுப்பாடு பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஜூமில் இலவசமாகப் பேசினால் நாற்பது நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும். உங்கள் வீட்டுப் பேச்சுக்கு அது போதாது என்று நினைக்கிறேன். மனைவியின் போனில் மீட்டை ஏற்றிக் கொடுங்கள். அம்மாவும் அதே வீட்டில்தானே இருக்கிறார், அவரும் அதிலேயே பேசட்டும். ஒரு மாதம் பார்த்துவிட்டு, பேச்சு விட்டு விட்டு வராமல் சரியாக இருந்தால் 50 திர்ஹம் பேக்கேஜையும் 40 திர்ஹம் ஐ.எஸ்.டி.யையும் நிறுத்திவிடலாம். 90 மிச்சம். வி.பி.என். (எங்கிருந்து இணையத்தில் நுழைகிறோம் என்பதை மறைக்கும் செயலி) போட்டு வாட்ஸ்அப்பில் பேசலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். குற்றம் செய்யவோ மறைக்கவோ வி.பி.என். பயன்படுத்தினால் அந்த நாட்டுச் சட்டத்தில் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம். 50 திர்ஹத்தை மிச்சம் பிடிக்க அந்த வம்பு எதற்கு?

இனி அறிக்கைக்கு வருவோம்.

ஆறு மாதத்தில் 14 முறை கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் 500 திர்ஹம். ஒவ்வொன்றுக்கும் கீழே அடுத்த வரியில் 104 திர்ஹம் கட்டணம். அதாவது 3 சதவீதம் அல்லது குறைந்தபட்சம் 99 திர்ஹம், எது அதிகமோ அது. அதன்மேல் 5 சதவீத வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி. 500 எடுத்தாலும் 3,000 எடுத்தாலும் கட்டணம் அதே 104தான். 500 திர்ஹத்துக்கு 104 என்றால் நூற்றுக்கு இருபதுக்கும் மேல். பரமக்குடிச் சந்தையில் கந்து வட்டிக்காரர்கூட இப்படி வாசலிலேயே இருபதைப் பிடித்துக்கொண்டு கொடுத்தால் நீங்கள் சண்டைக்குப் போவீர்கள். கார்டில் பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாச் சில வாரங்கள் ரொக்கத்துக்குக் கிடையாது. எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்தப் பதினான்கில் ஒன்பது, வெள்ளி அல்லது சனி. உங்கள் விடுமுறை நாள். ஊரோடு நிதானமாகப் பேசும் நாளும் அதுதான் என்று ஊகிக்கிறேன். உங்கள் பட்டியலை அந்தத் தேதிகளோடு பொருத்திப் பார்த்தேன்: மச்சானின் டிராக்டர் தவணை, கோயில் வரி, ஒன்றுவிட்ட சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்கு மொய், மறுபடியும் டிராக்டர், மருமகனின் போன். இதில் போன் எனக்குக் கொஞ்சம் சிரிப்பை வரவழைத்தது. ‘மாமாவோடு வீடியோவில் தெளிவாகப் பேச வேண்டும்’ என்று 38,000 ரூபாய்க்கு ‘வட்டியில்லாத் தவணை’யில் வாங்கி, மாதம் 3,200 சொச்சத்தை மாமாவையே கட்டச் சொல்லியிருக்கிறார் அக்காள் மகன். தொடர்பில் இருப்பதற்கு இதைவிட விலை உயர்ந்த வழியை நானும் கேள்விப்பட்டதில்லை.

கணக்கைத் தோராயமாகப் போடுவோம். 14 முறை 104 என்றால் 1,456. அந்த ரொக்கத்தை ஊருக்கு அனுப்ப ஒவ்வொரு முறையும் பணப் பரிமாற்ற நிலையத்துக்கு 23 திர்ஹமும் வாட்டும், அதாவது 24, பதினான்குக்கு 336. கார்டு வட்டி ஆறு மாதத்தில் சுமார் 1,000. எல்லாம் சேர்த்து 2,800 திர்ஹம் அளவுக்கு. ஒரு திர்ஹம் 24 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 67,000 ரூபாய். இந்த வழியில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது 7,000 திர்ஹம். அதை அனுப்ப ஆன செலவு 2,800. அதே ஆறு மாதத்தில் நீங்கள் கவலைப்படும் போன் செலவு மொத்தமே 1,140.

‘அது பிரச்சினையில்லை’ என்று எழுதினீர்களே, அந்த 450-ஐயும் பார்த்துவிடலாம். 9,000 நிலுவைக்கு மாதம் 3.25 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 290. நீங்கள் கட்டும் 450-இல் அசலுக்குப் போவது 160. இனி ஒரு திர்ஹம்கூட எடுக்காமல் இதே 450-ஐக் கட்டிக்கொண்டு வந்தால் கடன் தீர ஏறத்தாழ 33 மாதம், வட்டி 5,700-க்கு மேல். நீங்களோ மாதம் இரண்டு முறை எடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். அப்படியானால் தீரவே தீராது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பேசுவதைக் குறைக்க வேண்டாம். பேச்சு முடிந்த கையோடு ஏ.டி.எம்.முக்கு நடப்பதை நிறுத்துங்கள்.

மச்சானைக் குறை சொல்வதில் பொருளில்லை. வளைகுடாவில் இருப்பவனிடம் கேட்பது எங்கள் பக்கத்து ஊர்களில் இரண்டு தலைமுறைப் பழக்கம். சிக்கல் என்னவென்றால், முகத்தைப் பார்த்துக் கேட்டால் உங்களால் மறுக்க முடிவதில்லை. வீடியோவில் அக்காள் கண்ணைத் துடைத்துக்கொள்வது தெரிகிறது. அதற்குமேல் கணக்கு ஓடாது. யாருக்கும் ஓடாது. முன்பெல்லாம் வளைகுடாவில் இருந்தவர்கள் கேசட்டில் குரலைப் பதிந்து ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். பதில் கேசட் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பாதித் தேவைகள் தாமாகவே தீர்ந்திருக்கும், மீதிக்குச் சம்பளம் வந்திருக்கும். அந்தத் தாமதம் ஒரு பாதுகாப்பாக இருந்தது.

அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பணத் தேவை எதுவானாலும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். அது உங்களுக்கு இலவசமாகவே வேலை செய்கிறது. ஒன்றாம் தேதி சம்பளம் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டு, மனைவியோடு கலந்து, முடிந்ததை அனுப்புகிறேன் என்று சொல்லிவிடுங்கள். வீடியோவில் பணப் பேச்சு இல்லை. மருத்துவமனைச் செலவு மட்டும் விதிவிலக்கு. முதல் இரண்டு மாதம் மச்சானுக்கு மனத்தாங்கல் வரும். டிராக்டர் தவணைக்குத் தேதி உண்டு, அது திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை என்பதை அவருக்கு நினைவூட்டலாம், மரியாதையாகத்தான்.

ஆனால் ஒன்று. அக்காள் மகள் கல்யாணம் இன்னும் ஒரு வருடத்தில் என்று செலவுப் பட்டியலில் குறித்திருக்கிறீர்கள். தாய்மாமன் சீரை வெட்டு என்று நான் சொல்லப்போவதில்லை; சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை. அதற்கு இன்றே தனியாக ஒதுக்குங்கள். மாதம் 300 திர்ஹம், பன்னிரண்டு மாதத்தில் 3,600, அதாவது 86,000 ரூபாய். கார்டைத் தொடாமல் செய்யும் சீர்.

பணம் எங்கிருந்து வரும்? இப்போது வீட்டுக்கு 2,700 அனுப்புகிறீர்கள். அதை 2,300 ஆக்குங்கள், 55,000 ரூபாய் போகும். குறைத்த 400-இல் 300 சீருக்கு, 100 கார்டுக்கு. போனில் மிச்சமான 90-உம் கார்டுக்கு. உங்கள் பட்டியலைக் கூட்டினால் மாதம் 310 திர்ஹம் எங்கே போகிறது என்றே எழுதவில்லை. அதையும் கார்டுக்கே திருப்புங்கள். 450 என்பது 950 ஆகும். 33 மாதம் பன்னிரண்டு மாதமாகச் சுருங்கும், வட்டியும் 2,000-க்குள் அடங்கும். நிலுவையைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றித் தர முடியுமா என்று வங்கியிடம் கேட்டுப் பாருங்கள். தந்தால் இன்னும் சீக்கிரம் முடியும். கேட்கும்போதே மேலும் கடன் தரத் தொடங்குவார்கள், அதற்குத் தலையாட்டிவிட வேண்டாம்.

அனுப்பும் முறையையும் மாற்றுங்கள். ஏழு ஆண்டு ஆகியும் எல்லாம் மனைவியின் கணக்கிலேயே போய் விழுகிறது. உங்கள் பெயரில் இந்திய வங்கியில் ஒரு என்.ஆர்.இ. கணக்கு, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் அங்கே சம்பாதித்ததைப் போட்டுவைக்கும் கணக்கு, தொடங்கி, மாதம் ஒரே முறை அதில் போடுங்கள். அங்கிருந்து 2,300-க்கான தொகை மனைவி கணக்குக்குத் தானாகப் போகும்படி உத்தரவு கொடுத்துவிடலாம். சீர்ப் பணம் அங்கேயே நிற்கட்டும். அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. 2023 முதல் அமீரக செல்போன் எண்ணை வைத்தே என்.ஆர்.இ. கணக்கிலிருந்து யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்த வழி வந்திருக்கிறது. உங்கள் வங்கியில் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் கரண்ட் பில், பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் ஷார்ஜாவிலிருந்தே கட்டலாம், 24 திர்ஹம் தனியாக அழ வேண்டியதில்லை. வேலைக்குப் போகுமுன் வைத்திருந்த பழைய சேமிப்புக் கணக்கு அப்படியே இருந்தால் அதை என்.ஆர்.ஓ.வாக, அதாவது வெளிநாட்டில் இருப்பவரின் இந்திய வரவுகளுக்கான கணக்காக, மாற்றியாக வேண்டும். ‘கட்டணமே இல்லை’ என்று விளம்பரம் செய்யும் செயலிகளில், கடைசியில் ஊரில் எத்தனை ரூபாய் கையில் சேர்கிறது என்பதை மட்டும் ஒப்பிடுங்கள். கட்டணத்தில் விட்டதை மாற்று விகிதத்தில் பிடித்திருப்பார்கள். வங்கியோ பரிமாற்ற நிலையமோ இல்லாமல் தனியாள் கைமாற்றி அனுப்பும் உண்டியல் வழி வேண்டவே வேண்டாம்.

உங்கள் அறை நண்பர் சொல்லும் ‘இப்போது அனுப்பு, பிறகு கட்டு’ பற்றி: பேசும் செயலிக்குள்ளேயே பணம் அனுப்பும் பொத்தான், அதன் பக்கத்தில் கடன் தரும் பொத்தான், அதற்கும் பக்கத்தில் தங்கம் விற்கும் பொத்தான் என்று வைக்கும் காலம் இது. அக்காள் அழுவதும் கடன் கிடைப்பதும் ஒரே திரையில். ஏ.டி.எம். வரை நடக்கும் பத்து நிமிடத்தில் உங்களுக்கு ஒரு யோசனையாவது வந்திருக்கும். இதில் அதுவும் இல்லை. கட்டணம் கார்டைவிடக் குறைவாகவே இருக்கலாம். இருந்தாலும் உங்களைப் போன்ற இளகிய மனதுக்காரர் அந்தப் பக்கமே போகக் கூடாது.

கார்டை வெட்டிப் போடச் சொல்லவில்லை. அதன் ரகசிய எண்ணை நினைவில் நிற்காத ஒன்றாக மாற்றி, அதை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, உங்களைவிடக் கண்டிப்பான யாரிடமாவது கொடுத்துவையுங்கள். அறை நண்பரிடம் வேண்டாம். மூன்று மாதம் கழித்து அறிக்கையின் முதல் பக்கத்தை மட்டும் அனுப்புங்கள். அந்த 104 எங்காவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.