12000 கல்லுக்குப் பிறகும் சவரக்கத்தி முடியை இழுத்தால்

தீட்டுக்கல்லில் 12000 கிரிட் வரை (கிரிட் என்பது கல்லின் நுண்மை எண்; எண் கூடக்கூடக் கல் நுண்ணியது) தீட்டியும் கத்தி கன்னத்தில் முடியை இழுக்கிறது, நுனிப் பக்கம் வெட்டவே இல்லை என்கிறீர்கள். கோளாறு 12000-இல் இல்லை நண்பரே, சொரசொரப்பான 1000 கல்லிலேயே நேர்ந்திருக்கிறது. நுண்ணிய கல் மெருகேற்றத்தான் செய்யும்; இரு பக்கச் சரிவும் விளிம்பில் சந்திக்காதவரை எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை.

முதலில் கல்லைச் சமப்படுத்துங்கள். அதன்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, வைரத் துகள் பதித்த தட்டில் கோடுகள் முழுக்க அழியும்வரை தேய்த்தால் போதும். அப்புறம் கத்தி விளிம்பின் இரு பக்கமும் மார்க்கர் மை பூசி, 1000-இல் லேசாக இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள். நுனியில் மை அப்படியே நிற்கிறதா? அங்கே கல் படவே இல்லை. விளிம்பு லேசாக வளைந்த கத்திகளில் இது சகஜம். பிடிப் பக்கத்திலிருந்து நுனிவரை குறுக்காக ஓட்டுங்கள், நுனி நெருங்கும்போது பிடியைச் சற்றே உயர்த்துங்கள். ஆனால் கத்தியின் முதுகு கல்லைவிட்டு எழவே கூடாது, எழுந்தால் கோணம் கெட்டுவிடும்.

விளிம்பு முழு நீளத்துக்கும் கைமுடியைச் சுத்தமாக மழித்தால்தான் அடுத்த கல். மேலே போகப்போக அழுத்தத்தைக் குறையுங்கள். கடைசிக் கல்லில் கத்தியின் எடையே போதும். பிறகு தோல் வாரில், முதுகு முன்னே போக, ஒரு 50 தடவை. வார் தொய்ந்தால் விளிம்பு மழுங்கிவிடும், இழுத்துப் பிடியுங்கள்.