சவுதி மோட்டாரை நம்ம ஊர் கரண்டில் ஓட்டலாமா?

கேள்வி: தம்மாமில் வேலை பார்த்த மச்சான் ஊருக்குத் திரும்பும்போது ஒரு ஹெச்பி தண்ணீர் மோட்டார் ஒன்றைக் கார்கோவில் போட்டுவிட்டார். புதுசு. தகட்டில் 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 3450 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை முறை சுழலும் வேகம்) என்று போட்டிருக்கிறது. வோல்டேஜ் ஒத்துவருகிறதே, அப்படியே மாட்டு என்கிறார் மச்சான். ஸ்டெபிலைசர் வைத்தால் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். யார் பேச்சைக் கேட்பது? (மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். மாட்டினால் மோட்டார் ஓடும், தண்ணீரும் ஏறும். அதனாலேயே சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுவோம்.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒரு பக்கம் பாய்ந்து, திரும்பி எதிர்ப்பக்கம் பாய்வது ஒரு சுற்று. நொடிக்கு இப்படி 50 சுற்று, அதுதான் 50 ஹெர்ட்ஸ். ஒரு நொடியை 50-ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட். பள்ளிக்கூடத்தில் அதிர்வெண், அலைவுக்காலம் என்று படித்தது இந்த இரண்டையும்தான். சவுதியில் 60 ஹெர்ட்ஸ். அங்கே ஒரு சுற்று 16.67 மில்லி செகண்டில் முடிந்துவிடும். (துபாய், குவைத், கத்தார், சிங்கப்பூர் எல்லாம் நம்மைப் போல 50. அங்கிருந்து வந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.)

பாதிச் சுற்றை மட்டும் பாருங்கள். வோல்டேஜ் காயிலில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளில்) கரண்டை ஒரே பக்கமாகத் தள்ளும் நேரம் அங்கே 8.33 மில்லி செகண்ட், இங்கே 10. தள்ளும் நேரம் கூடினால் உள்ளே இருக்கும் இரும்பில் காந்தமும் கூடும். வயல் கொள்ளும் அளவுக்குத் திறந்த மடையை அடைக்காமல் விட்டால் தண்ணீர் வரப்பு மீறுகிற கதைதான். இரும்பு தாங்கும் காந்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. இரும்பை மிச்சம் பிடிக்க, அந்த எல்லையை ஒட்டியே மோட்டாரைச் செய்கிறார்கள். அதைத் தாண்டினால் காயில் கண்டபடி கரண்ட் இழுக்கும், சூடேறும், கம்பிமேல் பூசிய வார்னிஷ் கருகும்.

எவ்வளவு தாண்டுகிறது என்று பார்க்க வோல்டேஜை ஹெர்ட்ஸால் வகுத்தால் போதும். தகட்டின்படி 220-ஐ 60-ஆல் வகுத்தால் 3.67. நம் வீட்டில் 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6. கால் பங்கு அதிகம். இந்த மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் கொடுக்க வேண்டியது 183 வோல்ட்தான்.

இங்கேதான் ஸ்டெபிலைசர் யோசனை கவிழ்கிறது. அது வோல்டேஜைத் திருத்தும், ஹெர்ட்ஸைத் தொடாது. லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில், சுற்றிலும் பம்புசெட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 180-க்கு இறங்குவது நமக்குப் பழகிய சங்கதி. அப்போது உங்கள் மோட்டார் சமர்த்தாக ஓடும். ராத்திரி எல்லாரும் நிறுத்தியபிறகு 240-க்கு ஏறும்போதுதான் வெந்துபோகும். ஸ்டெபிலைசர் வைத்தாலோ எந்நேரமும் 230-ஐப் பிடித்து நிறுத்தி, அந்த நல்ல நேரத்தையும் கெடுத்துவிடும். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் எந்த நேரத்தில் ஓட்டினீர்கள் என்று கேளுங்கள்.

வோல்டேஜ் வீட்டுக்கு வீடு மாறும், ஹெர்ட்ஸ் மாறாது. உங்கள் பக்கத்துத் திருமக்கோட்டை எரிவாயு மின்நிலையமும் வடக்கே இமயமலை அணைக்கட்டு மின்நிலையங்களும் ஒரே தாளத்தில்தான் சுற்றுகின்றன. 2013 டிசம்பர் 31-ல் தென்னக மின்தொகுப்பு மற்றவற்றோடு இணைந்ததிலிருந்து இந்த நிலைதான். ஹெர்ட்ஸை 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

சரி, மோட்டாரை என்ன செய்வது? ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்து 180 வோல்ட் கொடுக்கலாம். ஆனால் மோட்டார் ஓடத் தொடங்கும்போது இழுக்கும் கரண்டைத் தாங்குமளவுக்குப் பெரிதாக வாங்க வேண்டும். வேகத்தை மாற்றும் டிரைவ் என்று கடையில் காட்டுவது பெரும்பாலும் மூன்று பேஸ் மோட்டாருக்கானது. கப்பாசிட்டர் வைத்த ஒரு பேஸ் மோட்டாரில் அதை மாட்ட வேண்டாம். நான் சொல்வது ரீவைண்டிங், அதாவது காயிலைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவது. புது மோட்டாரைப் பிரிக்க மனசு வராதுதான், ஆனாலும் கருகிய பிறகு செய்யப்போவதும் அதே வேலைதான். கடைக்காரரிடம் முதலிலேயே 60 ஹெர்ட்ஸ் மோட்டார் என்று சொல்லிவிடுங்கள். வழக்கமாக அவர் பழைய காயிலின் சுற்றுகளை எண்ணி அதே எண்ணிக்கையில் கட்டுவார். இதற்கு ஏறக்குறைய கால் பங்கு சுற்று கூட வேண்டும், கம்பி ஒரு படி மெலிதாக. கப்பாசிட்டரையும் அவரே பார்த்து மாற்றட்டும்.

எப்படிக் கட்டினாலும் வேகம் 3450 வராது, 2880 பக்கம்தான் வரும். வரும் தண்ணீரும் முன்பு வந்ததில் ஆறில் ஐந்து பங்குதான். ஏற்றும் உயரம் இன்னும் குறையும்: தகட்டில் 30 மீட்டர் என்றிருந்தால் சுமார் 21 மீட்டர். மாடித் தொட்டிக்கு அது தாராளம். ஆழமான போரிலிருந்து இழுப்பதாக இருந்தால் வேறு மோட்டார் பாருங்கள்.

அதே பார்சலில் மைக்ரோவேவ் அவனோ ஃபிரிட்ஜோ வந்திருந்து, தகட்டில் 60 மட்டும் இருந்தால் பிளக்கில் செருகாதீர்கள். 50/60 என்றிருந்தால் கவலையில்லை. அயர்ன் பாக்ஸுக்கும் கார்பன் பிரஷ் வைத்த மிக்ஸிக்கும் ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டில்லை.