பதில்: டிஜிடாக்டில் நீண்ட குரல் ஒவ்வொரு லூப்பிலும் முதலிலிருந்து தொடங்குகிறது

டிஜிடாக்ட் என்ற சாம்ப்ளர் கருவியில் (பதிவு செய்த ஒலிகளைத் தாளத்தில் இசைப்பது) உங்கள் 30 விநாடிக் குரல், 64 ஸ்டெப் (தாளக் கட்டம்) கொண்ட பேட்டர்ன் திரும்பும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். சாம்பிளில், அதாவது பதிவு செய்த குரலில், குறையில்லை. 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 தட்டு) 64 ஸ்டெப் என்பது 8 விநாடிதான். லூப் திரும்பியதும் முதல் ஸ்டெப்பில் உள்ள ட்ரிக் (ஒலியைத் தொடங்கும் குறி) குரலை மறுபடி தொடங்கிவிடுகிறது. அந்த ட்ரிக்குக்கு மட்டும் 1:4 கண்டிஷன் கொடுங்கள். நான்கு சுற்றுக்கு ஒருமுறைதான் அடிக்கும். குரலுக்குத் தனி டிராக் கட்டாயம். அதே டிராக்கில் வேறு ட்ரிக் வந்தால் குரல் அறுந்துவிடும்.

அப்புறம், வாசிக்கும்போது டெம்போவை மாற்றுவீர்களா? அப்படியானால் குரலை வரிவரியாக வெட்டி வைப்பதையே நான் சொல்வேன். நீண்ட சாம்பிள் தாளத்தை விட்டு மெல்ல விலகும். வெட்டிய வரி ஒவ்வொன்றும் தன் இடத்தில் வந்து விழும். பாடகர் மூச்சு வாங்குவதற்குச் சற்று முன்பே வெட்டுங்கள், மூச்சு அடுத்த வரியோடு இருக்கட்டும்.