தூதர்கள் சாட்சி சொன்னபோது கீவ் ஏன் வாய் திறக்கவில்லை?

"ஒரு வெளிநாட்டுத் தூதர், தான் வேலை பார்த்த நாட்டைப் பற்றித் தன் சொந்த நாடாளுமன்றத்தில் சாட்சி சொன்னால், அந்த நாட்டு அரசியல்வாதிகள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லா நாட்டுக்கும் பொருந்துகிற பதில் என்னிடம் இல்லை. ஒரே ஒரு நாட்டில் அதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். 2019 நவம்பரில் நான் உக்ரைனின் கார்கிவ் நகரத்தில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அமெரிக்காவில் டிரம்ப் மீது பதவிநீக்க விசாரணை. உக்ரைனுக்குப் போக வேண்டிய சுமார் 39 கோடி டாலர் ராணுவ உதவியை நிறுத்திவைத்து, தேர்தலில் தனக்குப் போட்டியாக வரக்கூடிய ஜோ பைடன் மீதும் அவர் மகன் வேலை பார்த்த புரிஸ்மா எரிவாயு நிறுவனத்தின் மீதும் விசாரணை அறிவிக்கச் சொல்லி உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியை நெருக்கினார் என்பது குற்றச்சாட்டு. உக்ரைன் தலைநகர் கீவில் அமெரிக்கத் தூதரகப் பொறுப்பில் இருந்த வில்லியம் டெய்லர் நவம்பர் 13 அன்றும், மே மாதம் திருப்பி அழைக்கப்பட்ட முன்னாள் தூதர் மேரி யோவனோவிச் நவம்பர் 15 அன்றும் பகிரங்கமாகச் சாட்சி சொன்னார்கள்.

டெய்லர் சாட்சி சொன்ன அமர்வு தொடங்கியபோது எங்களுக்கு மாலை 5 மணி. ஊரே டிவி முன்னால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கீழ் வீட்டுக்காரப் பாட்டியிடம் போனேன். டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதில் நிலம். அன்றைக்குத்தான் உக்ரைன் நாடாளுமன்றம், விவசாய நிலத்தை விற்க 2001 முதல் இருந்த தடையை நீக்கும் மசோதாவை 240 வாக்குகளில் முதல் வாசிப்பில் நிறைவேற்றியிருந்தது. சோவியத் காலக் கூட்டுப்பண்ணை கலைந்தபோது பாட்டிக்குப் பங்காக வந்த நிலம் பொல்தாவா பக்கம் ஒரு கிராமத்தில் கிடக்கிறது. அதை விற்கலாமா, பெரிய கம்பெனிக்காரன் வந்து அடிமாட்டு விலைக்கு வாங்கிவிடுவானா என்பதுதான் அவர் கவலை. வாஷிங்டன் செய்தி பின்னால் வந்தது, சுருக்கமாக வந்தது.

உக்ரைன் அரசின் பதில் மறுநாள் வந்தது. உதவியையும் விசாரணையையும் சேர்த்துத் தங்களிடம் யாரும் பேசவில்லை, ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அமெரிக்கத் தூதர் சாண்ட்லண்ட் தன்னிடம் அப்படி எதுவும் சொல்லவே இல்லை என்றார் வெளியுறவு அமைச்சர் வாடிம் பிரிஸ்டைகோ. நவம்பர் 19 அன்று கீவில் ஒரு நிருபர் கேட்டபோது ஜெலன்ஸ்கி, புரிஸ்மா பேச்சைக் கேட்டு உக்ரைனில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது, எங்களுக்கென்று ஒரு நாடு இருக்கிறது, எங்கள் பிரச்சினைகள் எங்களுக்கு இருக்கின்றன என்றார். டிசம்பரில் அவருடைய உதவியாளர் ஆந்திரி யெர்மாக், சாண்ட்லண்ட் வார்சாவில் இது பற்றித் தன்னிடம் பேசியதாகச் சாட்சியத்தில் சொன்னதையே மறுத்தார்.

அன்றைக்கு எனக்கு இது புரியவில்லை. டெய்லர் பேசியது உக்ரைனுக்கு எதிராக இல்லையே! ஜூலை 26 அன்று தான் கிழக்கு உக்ரைனின் டொன்பாஸ் போர்முனைக்குப் போனதையும், உடைந்த பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆயுதத்தோடு நின்ற ரஷ்யத் தரப்புப் படையைப் பார்த்ததையும், உதவிக்காக உக்ரைன் தளபதி நன்றி சொன்னபோது அந்த உதவி நிறுத்திவைக்கப்பட்டிருப்பது தெரிந்து தான் கூசிப்போனதையும் அவர் சொன்னார். அந்த நாட்டுக்காக இதைவிட உருக்கமாக ஒரு வெளிநாட்டுக்காரர் பேச முடியாது. அப்படியிருந்தும் அந்த நாட்டு அரசு, "எங்களை யாரும் நெருக்கவில்லை" என்று அவர் சொன்னதற்கு நேர்மாறாகப் பேசியது.

விடை டிசம்பர் 3 அன்று கிடைத்தது. அப்போதுதான் பதவி விலகியிருந்த துணை வெளியுறவு அமைச்சர் ஒலெனா ஸெர்கல் நியூயார்க் டைம்ஸுக்குப் பேட்டி கொடுத்தார். உதவி நிறுத்தப்பட்டது ஜூலையிலேயே கீவுக்குத் தெரியும் என்றார். தான் வாஷிங்டன் போனால் யாராவது இதைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள் என்று அந்தப் பயணத்தையே தடுத்தார்கள் என்றும் சொன்னார். ஆக, கீவின் மௌனம் தெரியாமையால் வந்தது இல்லை. உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு. யானைகள் மோதும்போது நடுவில் நிற்கிறவன் எந்த யானைக்காகவும் கை தட்ட முடியாது. அடுத்த வருடம் அமெரிக்காவில் யார் ஜெயித்தாலும் அவர்களிடம்தான் ஆயுதம் கேட்கப் போக வேண்டும். ஜெலன்ஸ்கியும் ஒரே ஒருமுறை மனதைத் திறந்தார். டைம் பத்திரிகைப் பேட்டியில், பேரம் என்ற நிலையில் நின்று தான் டிரம்புடன் பேசவில்லை என்று வழக்கம்போல் சொல்லிவிட்டு, நாங்கள் பிச்சைக்காரர்கள் மாதிரி தெரிய விரும்பவில்லை, ஆனால் நாங்கள் போரில் இருக்கிறோம், கூட்டாளி என்றால் எங்களுக்கு வர வேண்டியதைத் தடுத்துவைக்கக் கூடாது என்றார். எனக்கு அந்தக் கடைசி வரிதான் அவருடைய உண்மையான பதில்.

ஆனால் உக்ரைன் அரசியல் என்பது ஜெலன்ஸ்கி மட்டும் இல்லை. இந்தச் சாட்சியங்களைத் தங்கள் உள்ளூர்ச் சண்டைக்குப் பயன்படுத்தியவர்கள் இருந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் ஆந்திரி டெர்காச், விசாரணை சூடாக நடந்துகொண்டிருந்த நவம்பர் 20 அன்றே கீவில் பத்திரிகையாளர்களைக் கூட்டி புரிஸ்மா பற்றிப் புதுக் குற்றச்சாட்டுகளை அள்ளி வீசினார். டிசம்பரில் டிரம்பின் வழக்கறிஞர் ஜூலியானி கீவுக்கு வந்து அவரைச் சந்தித்தார். இந்த டெர்காச் மீது 2020 செப்டம்பரில் அமெரிக்க நிதித்துறை தடை விதித்தது. பத்தாண்டுக்கு மேலாக ரஷ்ய உளவுத்துறையோடு தொடர்புள்ளவர் என்று காரணம் சொன்னது.

யோவனோவிச் விஷயத்தில் என் மனசு இன்னும் ஆறவில்லை. அவர் மீது சேறு வாரி இறைத்தவர் உக்ரைனின் அப்போதைய அரசுத் தலைமை வழக்கறிஞர் யூரி லுட்சென்கோ. யார் மீதெல்லாம் வழக்குப் போடக்கூடாது என்று தூதர் தன்னிடம் ஒரு பட்டியல் கொடுத்தார் என 2019 மார்ச்சில் ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளரிடம் சொன்னார். ஏப்ரலில் அதிலிருந்து பின்வாங்கினார். அதற்குள் அந்தப் பொய் வாஷிங்டன் போய் வேலையை முடித்துவிட்டது. தூதரகம் ஊழல் தடுப்பு அமைப்புகளுக்குத் துணை நின்றது லுட்சென்கோவுக்குப் பிடிக்கவில்லை என்பதே விஷயம்.

யோவனோவிச்சின் சாட்சியத்தில் ஒரு இடம் இருக்கிறது. ஏப்ரல் 24 இரவு, தூதர் தன் இல்லத்தில் கத்ரீனா ஹாண்ட்சியுக் நினைவாக ஒரு நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். ஹெர்சோன் நகராட்சியில் வேலை பார்த்தபடியே ஊழலை எதிர்த்தவர் ஹாண்ட்சியுக். 2018 ஜூலை 31 அன்று அவர் மீது அமிலம் வீசினார்கள். மூன்று மாதம் துடித்து நவம்பர் 4 அன்று இறந்தார். அந்த இரவு மகளுக்கான விருதை அப்பா வாங்கிக்கொண்டார். அதே இரவில்தான் வாஷிங்டனிலிருந்து தூதருக்குப் போன் வந்தது. நள்ளிரவு தாண்டி மறுபடியும் அழைத்து, அடுத்த விமானத்திலேயே கிளம்பி வா என்றார்கள். தீக்காய வார்டில் நான் முதல்முறை நின்றது அதற்குச் சில மாதங்கள் கழித்து. அமிலம் உடம்பை என்ன செய்யும் என்று பார்த்தபிறகு இந்தப் பத்தியை என்னால் சாதாரணமாகப் படிக்க முடிவதில்லை. ஊழலுக்கு எதிராக வேலை செய்த உக்ரைன் இளைஞர்கள் யோவனோவிச்சைத் தங்கள் ஆள் போலவே பார்த்தார்கள் என்றால் காரணம் இதுதான். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் செர்ஹி லெஷ்செங்கோ போன்றவர்கள் லுட்சென்கோ, ஜூலியானி கூட்டைப் பற்றி வெளிப்படையாகவே எழுதினார்கள்.

இதே யோவனோவிச்சை ஜூலை 25 தொலைபேசிப் பேச்சில் டிரம்ப் மட்டமாகப் பேசியபோது, "நூறு சதவீதம் உங்களோடு உடன்படுகிறேன்" என்றவர் ஜெலன்ஸ்கி. அந்தம்மா பழைய அதிபரின் ஆள் என்று நினைத்தார். மௌனம் காத்ததை நான் குறை சொல்ல மாட்டேன், சின்ன நாட்டுக்கு வேறு வழி இல்லை. இந்தத் தலையாட்டலை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அரசு ஒருமுறை அசைந்தது. 2020 ஜனவரியில், யோவனோவிச் கீவில் இருந்தபோது அவரை யாரோ வேவு பார்த்ததாகக் காட்டும் குறுஞ்செய்திகள் வெளியானதும், உக்ரைன் உள்துறை அமைச்சகம் குற்ற வழக்குப் பதிந்தது. அப்போதும், அமெரிக்க உள்நாட்டு அரசியலில் தலையிட மாட்டோம் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான், தங்கள் சட்டமும் தூதர்களுக்குப் பாதுகாப்புத் தரும் வியன்னா ஒப்பந்தமும் மீறப்பட்டிருக்கலாம் என்றது.

பாட்டி கண் விழித்து டிவி பார்த்த ஒரு இரவும் உண்டு. அது டிசம்பர் 9. பாரிஸில் ஜெலன்ஸ்கி முதல்முறையாகப் புதினை நேரில் சந்தித்த நாள். பாட்டியின் தங்கை மகன் டொன்பாஸில் ராணுவத்தில் இருந்தான். நள்ளிரவு தாண்டிப் பத்திரிகையாளர் சந்திப்பு முடியும்வரை நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். கைதிகளை விடுவிப்பார்களா, சுடுவதை நிறுத்துவார்களா என்று இரண்டே கேள்விதான் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை ரஷ்ய மொழியில், தெரியவில்லை பாட்டி என்றேன்.