ஒரு கைப்பேசி, ஐந்து செயலி, மூன்று கடவுச்சொல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே சலிப்பைத்தான் வெவ்வேறு சொற்களில் சொல்கின்றன. கைப்பேசி ஒன்றுதான், அதற்குத் துணை என்று வந்து சேர்ந்த செயலிகளோ நான்கைந்து, அவை ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு கணக்கும் கடவுச்சொல்லும் கேட்கின்றன. கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், ஒரே விடயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஆசிரியை ஒருவர், தலவாக்கலை: மாணவர்களின் பயிற்சித்தாள்களைக் கைப்பேசியில் படமெடுத்து மடிக்கணினிக்கு மாற்றுவதே என் தேவை. கைப்பேசி சாம்சங்; கணினியில் விண்டோஸ். யார் யாரோ சொன்னதைக் கேட்டு போன் லிங்க், சாம்சங் ஃப்ளோ, ஸ்மார்ட் சுவிட்ச் மூன்றையும் நிறுவிவிட்டேன். இப்போது ஒரே குறுஞ்செய்திக்குக் கணினி இரண்டு தடவை மணியடிக்கிறது. கூகுள், சாம்சங், மைக்ரோசாஃப்ட் என்று மூன்று கணக்குகளும் மாறி மாறிக் கடவுச்சொல் கேட்கின்றன. எதை வைத்துக்கொள்வது?

நீங்கள் சொல்லும் வேலைக்கு இந்த மூன்றில் ஒன்றுமே வேண்டியதில்லை. சார்ஜ் போடும் யூ.எஸ்.பி. கேபிளால் கைப்பேசியைக் கணினியில் இணைத்து, திரையின் மேலிருந்து அறிவிப்புப் பட்டையை இழுத்து, அதில் கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தெரிவுசெய்தால், கணினியில் கைப்பேசி ஒரு கோப்புறையாகத் திறக்கும், படங்கள் டி.சி.ஐ.எம். என்ற உறைக்குள் இருக்கும். இதற்குக் கணக்கும் வேண்டாம், டேட்டாவும் செலவாகாது, மலைப்பக்கத்தில் சிக்னல் போனாலும் வேலை நிற்காது. கணினி கைப்பேசியைக் காணவே இல்லையென்றால் கேபிளைச் சந்தேகியுங்கள்; மலிவான சில கேபிள்கள் மின்சாரத்தை மட்டுமே கடத்தும், கோப்புகளைக் கடத்தா.

மற்ற மூன்றும் எதற்கென்று தெரிந்தால் எதை நீக்குவது என்பது தானே தெளிவாகும். போன் லிங்க் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தினுடையது. 2018இல் வேறு பெயரில் வந்து 2022இல் இப்பெயரைப் பெற்றது. கைப்பேசியின் செய்திகள், அறிவிப்புகள், படங்கள் ஆகியவற்றைக் கணினித் திரையில் காட்டுவதும், புளூடூத் வழியாக அழைப்பை ஏற்க விடுவதும் அதன் வேலை. சாம்சங் ஃப்ளோவும் அறிவிப்புகளைக் கணினிக்கு அனுப்புகிறது. மணி இரண்டு தடவை அடிப்பது அதனால்தான். ஸ்மார்ட் சுவிட்ச் இந்த வகையைச் சேர்ந்ததே அல்ல. பழைய கைப்பேசியிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் இடம்மாற்றும் அந்தச் செயலி, வீடு மாறும் நாளில் மட்டும் வரும் லொறி போன்றது. வேலை முடிந்த பிறகும் அதை முற்றத்தில் நிறுத்தி வைக்க வேண்டிய தேவை இல்லை.

கணினியிலேயே செய்திகளை வாசிக்க விரும்பினால் போன் லிங்க்கை வைத்துக்கொண்டு ஃப்ளோவை நீக்குங்கள். நீக்கும்போது முதலில் செயலிக்குள் சென்று கணினியுடனான இணைப்பைத் துண்டித்து, அதன் பிறகு செயலியை அழிப்பது நல்லது. சாம்சங் கணக்கிலிருந்து வெளியேறவும் செய்யலாம். ஆனால் குறிப்புகளோ தொடர்பு இலக்கங்களோ உடல்நலப் பதிவுகளோ அந்தக் கணக்கில் மட்டும் சேமிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே வெளியேறுங்கள்.

வாசகர், பண்டாரவளை: டேட்டாவுக்கு ரீலோட் போட்ட மறுநாளே தீர்ந்துவிடுகிறது. காணொளி எதுவும் பார்ப்பதில்லை. கோயில் திருவிழாப் படங்கள் கொஞ்சம் எடுத்தேன், அவ்வளவுதான்.

அந்தப் படங்கள்தான். உங்கள் கைப்பேசியில் கூகுள் போட்டோஸும் மைக்ரோசாஃப்ட்டின் ஒன்டிரைவும் இரண்டுமே காப்பெடுக்கும், அதாவது படங்களைத் தானாகவே இணையத்தில் பிரதியெடுத்து வைக்கும் நிலையில் இருக்கக்கூடும். ஒரு படம் 4 எம்.பி. என்று வைத்துக்கொண்டால் 250 படங்களுக்கு ஏறக்குறைய 1 ஜி.பி. ஆகிறது, அதே படங்களை இரண்டு நிறுவனங்களுக்கும் அனுப்பினால் 2 ஜி.பி. போய்விடும். இரண்டு செயலிகளின் அமைப்புகளுக்குள்ளும் சென்று, மொபைல் டேட்டாவில் காப்பெடுக்க வேண்டாம், வைஃபையில் மட்டும் போதும் என்று மாற்றுங்கள். பிறகு இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள். இலவச இடம் ஒன்டிரைவில் 5 ஜி.பி., கூகுளில் 15 ஜி.பி.; ஆனால் கூகுளின் 15 ஜி.பி.யை ஜிமெயிலும் டிரைவும் போட்டோஸும் பங்குபோட்டுக்கொள்கின்றன, 2024 முதல் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பின் காப்புப்பிரதியும் அந்தப் பங்கில் சேர்ந்துவிட்டது. எனவே வாட்ஸ்அப் காப்பில் காணொளிகளைச் சேர்க்கும் தெரிவை அணைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

ஓர் எச்சரிக்கை. காப்பெடுப்பதை நிறுத்துவது வேறு, படத்தை அழிப்பது வேறு. இடம் மிச்சமாகட்டும் என்று போட்டோஸ் செயலிக்குள் ஒரு படத்தை அழித்தால், அது இணையத்தில் உள்ள உங்கள் கூகுள் கணக்கிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் சேர்ந்தே போகும். அறுபது நாள் குப்பைக்கூடையில் இருக்கும் என்பது ஓர் ஆறுதல்; கூடையைக் காலிசெய்துவிட்டு வருபவர்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை.

வாசகர், பதுளை: புதிதாக வாங்கிய கைக்கடிகாரத்துக்கு மி ஃபிட்னஸ், செப் லைஃப் என்று இரண்டு செயலிகள் வருகின்றன. இரண்டையும் போட வேண்டுமா?

வேண்டாம். கடிகாரத்தின் கையேட்டில் உள்ள கியூ.ஆர். குறியைப் படமெடுத்தால் எந்தச் செயலி திறக்கிறதோ அது ஒன்றே உங்களுக்குரியது. மற்றதை முன்பே இணைத்திருந்தால் அதில் இணைப்பை நீக்கிய பிறகே இதில் இணையுங்கள். இல்லையென்றால் கடிகாரம் சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டே இருக்கும்.

வாசகர்கள் சிலர், ஹட்டன், கொட்டகலை: ஒரே ஆளின் பெயர் மூன்று தடவை வருகிறது. ஒன்றை அழித்தால் மூன்றும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயத்துக்குக் காரணம் உண்டு. ஓர் இலக்கம் சிம் அட்டையிலும், கூகுள் கணக்கிலும், கைப்பேசி நிறுவனத்தின் கணக்கிலும் தனித்தனியே சேமிக்கப்பட்டிருக்கும். திரை மூன்றையும் ஒரே பட்டியலாகக் காட்டுவதால் எது எங்கே இருக்கிறது என்பது தெரிவதில்லை. முதலில் தொடர்புகள் செயலியில் ஏற்றுமதி என்பதைத் தெரிவுசெய்து, முழுப் பட்டியலையும் ஒரே கோப்பாகக் கைப்பேசியில் சேமியுங்கள். அது கையில் இருந்தால், பிறகு எது தவறினாலும் மீட்டுக்கொள்ளலாம். அடுத்து, சிம்மில் உள்ளவற்றைக் கூகுள் கணக்குக்கு இறக்குமதி செய்யுங்கள். சிம்மில் பெயருக்கும் இலக்கத்துக்கும் மேல் அதிகம் கொள்ளாது, சிம் தொலைந்தால் அவையும் தொலையும். பின்னர் கூகுள் தொடர்புகள் செயலியில் உள்ள ஒன்றிணைக்கும் வசதி இரட்டைப் பெயர்களைத் தானே தேடித் தரும். கடைசியாக, புதிய இலக்கங்கள் எங்கே சேமிக்கப்பட வேண்டும் என்ற இடத்தில் கூகுள் கணக்கைத் தெரிவுசெய்யுங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டவர்களே ஆறு மாதத்தில் அதே கேள்வியோடு மறுபடியும் எழுதுகிறார்கள்.

வாசகர், நுவரெலியா: பழைய கைப்பேசி ஒன்றை வாங்கினேன். எல்லாவற்றையும் அழித்துத் திறந்தால் முன்னைய உரிமையாளரின் கூகுள் கணக்கைக் கேட்கிறது.

2015இல் ஆண்ட்ராய்டு 5.1உடன் வந்த திருட்டுத் தடுப்புப் பூட்டு அது. விற்றவர் தன் கணக்கின் விவரத்தை இட்டுத் திறந்து, அமைப்புகளில் கணக்கை நீக்கித் தந்தால் மட்டுமே நேர்வழியில் தீரும். பூட்டை உடைத்துத் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள்.

கொழும்பில் வேலை செய்யும் மகள் ஒருவர்: அம்மா மஸ்கெலியாவில் தோட்டத்தில் இருக்கிறார். அண்ணன் கைப்பேசி வாங்கிக்கொடுத்தபோது தன் இலக்கத்தை வைத்தே அம்மாவுக்குக் கூகுள் கணக்குத் திறந்தார். அவர் கட்டார் போய்விட்டார், இங்கிருந்த சிம் ரீலோட் இல்லாமல் செத்துவிட்டது. கைப்பேசி இப்போது வேலை செய்கிறது, ஆனால் கூகுள் அனுப்பும் சரிபார்ப்புக் குறியீடு எல்லாம் அந்தச் செத்த இலக்கத்துக்கே போகும். கடவுச்சொல்லும் அண்ணனுக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது.

இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் அவசரமானது இதுதான். கைப்பேசி இன்னும் கணக்குக்குள் இருப்பது உங்கள் பலம். எனவே யார் சொன்னாலும் அதை அழித்துப் புதிதாக்கவோ, கணக்கை நீக்கிச் சேர்க்கவோ விடாதீர்கள். செயலிழந்த இலக்கம் பின்னாளில் வேறொருவருக்கு வழங்கப்படலாம் என்பதால், சும்மா விடுவதும் சரியல்ல.

கொழும்பிலிருந்து உங்கள் கணினியில் முயலவும் வேண்டாம். வழக்கமான கருவியிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்து வரும் கோரிக்கையையே கூகுள் எளிதில் நம்புகிறது. விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது அம்மாவின் கைப்பேசியிலேயே செய்யுங்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குள் சிக்னல் விட்டுவிட்டு வந்தால், வழக்கமாக அவர் பேசப்போய் நிற்கும் இடத்துக்கே போய்விடுங்கள். அண்ணனுக்கு நினைவுள்ள கடவுச்சொற்களை எல்லாம் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அமைப்புகளில் கூகுள் என்ற பகுதிக்குள், கணக்கை நிர்வகிக்கும் பக்கத்தின் பாதுகாப்புப் பிரிவில், இரண்டு இடங்களில் இலக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும்: மீட்பு இலக்கம் ஒன்று, கடவுச்சொல்லுக்குப் பிறகு குறியீடு கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான இலக்கம் மற்றொன்று. பலர் முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். இரண்டிலும் அம்மா பாவிக்கும் இலக்கத்தைக் கொடுங்கள். மீட்பு மின்னஞ்சலாக உங்களுடையதைச் சேருங்கள். நடுவில் கடவுச்சொல்லைக் கேட்டால், மறந்துவிட்டது என்பதைத் தெரிவுசெய்யுங்கள். கைப்பேசியின் திரைப்பூட்டையே அடையாளமாக ஏற்றுக்கொள்வதும் உண்டு.

அதே பக்கத்தில் காப்புக் குறியீடுகள் என்று 10 எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 8 இலக்கங்கள், ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு மட்டும். குறுஞ்செய்தி வராத நாளில் அவற்றில் ஒன்றை இட்டு உள்ளே போகலாம். அவற்றைத் திரையில் படம்பிடித்து அதே கைப்பேசியில் வைப்பதில் பயனில்லை. அம்மாவின் கணக்கு முகவரியையும் புதிய கடவுச்சொல்லையும் அந்தப் பத்து எண்களையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழ்களும் சேமலாப நிதிக் கடிதங்களும் இருக்கும் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பேருந்து ஏறுங்கள். பிரதி ஒன்றை உங்கள் கைப்பையிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.